பார் விடுகிறவள்

கயிற்றேணியில் பாதி ஏறும்போதே வெக்கை முகத்தில் அறைந்தது. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியாது, அவர்களுக்குக் கையில் விசிறி இருக்கிறது, கலர் சோடா இருக்கிறது, அமராவதி ஆற்று மணலிலிருந்து எப்போதாவது ஒரு காற்று கித்தானுக்கு அடியில் புகுந்து காலைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஆனால் காலையிலிருந்து காய்ந்த வெயில் முழுவதும் கூடாரத்தின் உச்சியில்தான் போய்க் குந்திக்கொண்டிருந்தது, யானைச் சாணமும் புலிக்கூண்டின் நெடியும் ஜனங்களின் வேர்வையும் மேலே ஏறி அங்கேதான் தங்கின, செங்கமலம் ஒவ்வொரு மதிய ஆட்டத்துக்கும் அந்த வெக்கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டுதான் ஏறினாள். இடது கையால் பிடித்து ஏறினாள். வலது கை பெயருக்குக் கயிற்றின்மேல் இருந்தது. அவளுக்கு மேலே ஜானு ஏறிக்கொண்டிருந்தாள், அந்தப் பெண்ணின் குதிகால் ஒவ்வொரு படியிலும் கண்ணுக்கு நேரே வந்து வந்து போயிற்று, வெடிப்பே இல்லாத குதிகால், நடக்கவே ஆரம்பிக்காத குழந்தைக்கு இருப்பதுபோல, இவள் எந்தத் தரையிலும் நடந்தவள் இல்லையா என்று செங்கமலம் நினைத்தாள், நினைத்ததும் தன் காலைக் குனிந்து பார்க்கத் தோன்றிற்று, பார்க்கவில்லை, ஏணியில் குனிந்து பார்க்கிறவள் கீழே பார்க்கிறவள், கீழே பார்க்கிறவள் சர்க்கஸ்காரி இல்லை. பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. கார்னெட் ஊதுகிறவன் போன மாதம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், அவன் ஊத வேண்டிய இடமெல்லாம் பாட்டில் ஓட்டையாக இருந்தது, டிரம் மட்டும் அந்த ஓட்டையைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. ஜானு மேலே போய்ப் பலகையில் நின்றுகொண்டு கையை நீட்டினாள். “கையைத் தாங்க சேச்சி.” வேண்டாம் என்று சொல்லாமல், கையையும் கொடுக்காமல், செங்கமலம் கம்பத்தைப் பிடித்துத் தானாகவே பலகைமேல் ஏறிக்கொண்டாள்.

ஜானுவின் மணிக்கட்டில், பறந்து வருகிறவளைப் பிடிக்கிற அச்சுதனின் விரல்கள் தடமாக இருந்தன. நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம், நேற்றையது கருநீலமாக, முந்தாநாளையது பச்சையும் மஞ்சளுமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நாவல்பழச் சாறு பட்டதுபோல. பிடி வழுக்காமலிருக்கக் குங்கிலியப் பொடியை எடுத்து அந்தப் பெண் மணிக்கட்டில் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க மறையும் என்று செங்கமலம் பார்த்தாள், மறையவில்லை. செங்கமலத்துக்கும் அவை இருந்தன. வருஷக்கணக்கில் இருந்தன. திண்டுக்கல்லில் ஒரு வளையல்காரி அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தப் பாவி இப்படி அடிக்கிறான் தாயி என்று கேட்டாள், அடி இல்லை, அவர் என்னைப் பிடிக்கிற இடம் என்று சொன்னபோது அவளுக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அந்தக் கர்வத்தோடு வளையலே வாங்காமல் எழுந்து வந்துவிட்டாள், வளையல் வேறு எதற்கு. இப்போது அவள் கையில் கண்ணாடி வளையல் இருந்தது, பச்சையும் சிவப்புமாக, தோல் சுத்தமாக, வழவழவென்று, வீட்டில் இருக்கிற பெண்களின் கை மாதிரி இருந்தது. வலது தோள் போய், பறப்பதை நிறுத்திய முதல் ஒரு மாதத்திலேயே நீலம் போய்விட்டது. அவள் அது போவதைத் தினமும் பார்த்தாள், குளிக்கும்போது பார்த்தாள், அரிசி களையும்போது பார்த்தாள், ஒருநாள் காலையில் கட்டைவிரல் பட்ட இடம் எது என்றே தெரியாமல் போயிற்று, அன்றைக்குத்தான் போய் வளையல் வாங்கினாள்.

எதிர்க் கம்பத்தில் அச்சுதன் ஏறிவிட்டான். ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடத் தொடங்கினான், மெதுவாகப் பின்னால் சாய்ந்தான், கால்களை ஊஞ்சல் கயிற்றில் முறுக்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினான், தொங்கியதும் அவன் முகம் வேறு முகமாயிற்று. தரையில் அவனுக்கு ஒரு முகம், கஞ்சி குடிக்கிற முகம், பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொள்கிற முகம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற தலச்சேரிக்காரன் முகம். அதை யாரும் பார்க்கலாம். இந்தத் தலைகீழ் முகத்தைப் பறந்து போகிறவள் மட்டும்தான் கிட்டத்தில் பார்ப்பாள். நெற்றி நரம்பு புடைத்து, கண் இரண்டும் அகலமாகத் திறந்து, உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிற ஒருத்தியை மட்டுமே பார்க்கிற முகம். செங்கமலத்தைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றுகூட, பழனியில், இரண்டு முகாமுக்கு நடுவில், அவன் அப்படிப் பார்க்கவில்லை, தாலி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். பலகையிலிருந்து பார்த்தால் அந்த முகம் ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தது. கண் தெரியவில்லை. கண் ஜானுவுக்குத் தெரியும்.

செங்கமலத்தின் வேலை பார் விடுவது. பறக்கிறவள் பலகையிலிருந்து பாரை, கயிற்றில் தொங்குகிற இரும்புக் கம்பியை, பிடித்துக்கொண்டு பாய்ந்து போவாள், நடுவில் கையை விட்டுக் காற்றில் கரணம் போட்டு, பிடிக்கிறவன் கைக்குப் போய்ச் சேர்வாள், வெறும் பார் பலகைக்குத் திரும்பி வரும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்து, அவன் அந்தப் பெண்ணை ஆட்டிக்கொண்டு திரும்பவும் இந்தப் பக்கம் வருகிற சமயம் பார்த்து விட வேண்டும், அவன் கையிலிருந்து அவள் திரும்பிப் பறந்து வரும் இடத்தில் பார் வந்து நிற்க வேண்டும். ஜனங்கள் பறக்கிறவளைப் பார்ப்பார்கள், பிடிக்கிறவனைப் பார்ப்பார்கள். பார் விடுகிறவளைப் பார்ப்பதற்கு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. முதலாளி இந்த வேலையைக் கொடுத்தபோது, வேறு யாருக்கு அந்த நேரம் தெரியும் கமலம், உனக்குத்தான் அது உடம்பிலேயே இருக்கிறதே என்றார். இருந்தது. அதுதான் கஷ்டம். ஜானு பலகையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் செங்கமலத்தின் வயிறு உள்ளே இழுத்துக்கொண்டது, முழங்கால் மடங்கப் பார்த்தது, ஜானு காற்றில் சுருண்டபோது இவளுக்கு மூச்சு நின்றது, எங்கே சுருள வேண்டும், எங்கே விரிய வேண்டும் என்று இவள்தான் சொல்லிக்கொடுத்தாள், தன் உடம்பைக் கழற்றி அந்தப் பெண்ணுக்கு உடுத்திவிட்டதுபோல. அளவு சரியாக இருந்தது. இவளைவிட அவளுக்கு நன்றாகவே இருந்தது.

“போகட்டா சேச்சி?” என்றாள் ஜானு. செங்கமலம் தலையை ஆட்டினாள். பெண் பாய்ந்தாள். கூடாரம் முழுவதும் ஒரே மூச்சாக உள்ளே இழுத்தது, எதிரிலிருந்து அவன் குரல் வந்தது, “வா மோளே.” கை கையில் விழுந்த சத்தம் சப்பென்று கேட்டது. பார் திரும்பி வந்தது, இடது கையால் பிடித்தாள், டிரம்மின் அடி உடம்புக்குள் போய் ஒன்று என்றதும் விட்டாள், பெண் திரும்பி வந்து பலகையில் கால் வைத்துச் சிரித்தாள், கீழே கைதட்டினார்கள். எல்லாம் சரியாக நடந்தது. மோளே.

செங்கமலத்திடம் அவன் வெறும் வா என்றுதான் சொன்னான். எத்தனை வருஷம், எத்தனை ஊர், ஒரே ஒரு சொல், வா. அது தமிழிலும் வாதான் மலையாளத்திலும் வாதான், இரண்டு பேருக்கும் நடுவில் அர்த்தம் கேட்க வேண்டாத சொல், தரையில் அவன் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியாது, அவள் பேசுவதில் பாதி அவனுக்குப் புரியாது, மேலே வந்தால் வா, அவ்வளவுதான், அது அவளுடைய சொல் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஜானு வந்தது ஓணத்துக்குப் பிறகு, அவன் ஊர்ப்பக்கத்துப் பெண், அழுதுகொண்டே வந்தாள், அவளுக்காக அந்தச் சொல்லில் ஒரு வால் முளைத்தது. உடுப்புத் தைக்கிற கல்யாணியம்மாவிடம் செங்கமலம் கேட்டாள், ஏதோ வேறு பேச்சுக்கு நடுவில் கேட்கிறாற்போல, மோளேன்னா என்ன அர்த்தம் என்று. கல்யாணியம்மா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னாள், “மகளைச் சொல்றது.” அப்பாடா என்று இருந்தது. ஊசியை எடுத்துவிட்டு அவள் மேலும் சொன்னாள், “பெண்டாட்டியையும் சொல்வாங்க. பிரியம் வந்தா பூனைக்குட்டியைக்கூடச் சொல்வாங்க. சொல்றவங்களைப் பொறுத்தது.” அதோடு விட்டிருக்கலாம். அன்றிலிருந்து அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் போகவில்லை, மகள் என்றால் சரி, பூனை என்றால் சரி, நடுவில் இருக்கிறதே அது. அவளை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. கமலம் என்றான். கூட்டத்தில் என்றால் ஏய் என்றான். படுத்திருக்கும்போது ஒன்றுமே சொல்லவில்லை, மூச்சு மட்டும்தான்.

அப்படி ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் பார்த்திருக்கிறாள். பார்ப்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள். ஜானு கல்யாணியம்மாவின் கூடாரத்தில்தான் படுக்கிறாள், அவன் இவள் பக்கத்தில்தான் படுக்கிறான், பகலில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது எல்லாம் எந்தக் கடவில் படகு ஏறுவது, எந்த மாசத்தில் மத்தி மீன் கொழுத்திருக்கும், யாருடைய மாமன் யாருக்குச் சொந்தம் என்பதுதான், அதற்குத்தான் அவன் சிரிக்கிறான், வாயைத் திறந்து, கடைவாயில் இல்லாத பல் தெரிய. அப்படி ஏதாவது இருந்திருந்தால் தேவலை. தலைமுடியைப் பிடித்து மணலில் இழுத்திருக்கலாம், கம்பெனியே கூடியிருக்கும், முதலாளி வந்து விலக்கியிருப்பார், ஒருத்தியை அனுப்பியிருப்பார்கள். இதற்கு யாரிடம் போய் என்ன சொல்வது, என் புருஷன் தொழில் பார்க்கிறார் என்றா. ஜானுவின் கையைப் பிடித்துக்கொள்வது அவன் வேலை. அந்தப் பெண்ணின் உயிர் அந்தக் கையில் இருக்கிறது. இவளுக்கு வேண்டியது அதுதான், வேறு ஒன்றுமில்லை, அந்தக் கையில் உயிர் இருக்க வேண்டும், தன்னுடையது.

திண்டுக்கல்லில் அவள் அப்பா ஜட்கா ஓட்டினார், அவர் செத்ததும் குதிரையைச் சர்க்கஸ்காரர்கள் வாங்கினார்கள், குதிரை அவள் கையால்தான் புல் தின்னும் என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். குதிரை ஒரு வருஷம் இருந்தது. அவள் தங்கிவிட்டாள். அச்சுதனை அதற்கு முன்னால் தரையில் வைத்துத் தொட்டதே கிடையாது, முதல் முறை தொட்டது இந்த உயரத்தில்தான், பழகுகிற நாளில், எதிரில் ஒரு கறுப்பு ஆள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வா என்றான், அவள் போனாள். யோசிக்கவில்லை. பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள், எப்படிம்மா துணிஞ்சு கையை விடுறே என்று, அவளுக்குப் பதில் தெரியவில்லை, வா என்றார், போனேன். நாகப்பட்டினத்தில் கடல் காற்று வந்து கூடாரத்தை உலுக்கியபோதும் வா என்றுதான் சொன்னான். பாய்ச்சல் குறைந்துபோயிற்று. அவன் கைக்கு அவளுடைய ஒரு கைதான் கிடைத்தது, வலது கை, ஒரே ஒரு மணிக்கட்டு. விட்டிருந்தால் வலையில் விழுந்திருப்பாள், வலை அப்போது புதுசு, எழுந்து கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். அவன் விடவில்லை. முழு உடம்பும் அந்த ஒரு கையில் சுழன்றது, தோளில் ஏதோ ஈரத்துணியை உதறினாற்போலச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் அந்தத் தோளைத் தொட்டதில்லை. எண்ணெய் தேய்க்கக் கல்யாணியம்மாவைக் கூப்பிட்டான். படுக்கும்போது இடது பக்கம் மாறிப் படுத்தான். இரக்கமா, அருவருப்பா, உடைந்த சாமானைத் தூர வைப்பதுபோலா என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டு பேரும் அதைச் சுற்றி வழி விட்டு நடக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஜானு கடைசிப் பாய்ச்சலுக்குத் தயாரானாள். இரட்டைக் கரணம். பேண்டு நின்றது, டிரம் மட்டும் உருண்டது. பெண்ணின் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது, அவள் வாய்க்குள் ஏதோ சாமி பேரைச் சொன்னாள், செங்கமலம் பாரை அவள் கையில் கொடுத்தாள், கொடுக்கும்போது விரல்கள் பட்டன, சில்லென்றிருந்தன, இந்த வெக்கையில் சில்லென்றிருந்தன, பயப்படுகிறாள் என்று செங்கமலத்துக்குத் தெரிந்தது. கீழே வலை விரிந்திருந்தது. சண்டை வந்ததிலிருந்து நல்ல நூல்கயிறு எங்கும் கிடைப்பதில்லை, வலையில் பிய்ந்த இடமெல்லாம் கிணற்றுக் கயிறு போட்டு முடிந்திருந்தார்கள், முடிந்தவளே செங்கமலம்தான், நடுவில் எந்த முடிச்சு வலுவில்லை என்று அவளுக்குத் தெரியும். “பதறாதே” என்றாவது சொல்லியிருக்கலாம். பெண் பாய்ந்துவிட்டாள். ஒரு கரணம், இன்னொன்று, உடம்பு விரிந்தது, “வா மோளே”, சப்பென்ற சத்தம். ஜனங்கள் கத்தினார்கள். அவன் அவளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான், நீளமாக, வெள்ளை உடுப்பு அவனுக்குக் கீழே ஒரு துணிபோல நீண்டு தொங்கியது, கை நாலும் ஒன்றாகத் தெரிந்தன, யார் கை எது என்று தெரியவில்லை. வெறும் பார் வந்தது. பிடித்தாள். பாரில் அந்தப் பெண்ணின் கைச்சூடு இருந்தது. அவர்கள் அங்கே போய் நின்று, திரும்ப ஆரம்பித்தார்கள், டிரம் உருண்டது, விட வேண்டிய நேரம் வந்தது, அது கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, அடிவயிற்றில் தெரியும், இதோ என்று வந்தது, வந்து நின்றது, அவள் கை திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று அவள் நினைத்தாளா என்றால், நினைத்தாள். பிறகு எத்தனை யோசித்தாலும் அதை வேறு மாதிரி சொல்லிக்கொள்ள முடியாது. தோள் வலிக்கவில்லை, கண் இருட்டவில்லை, அந்த நாலு கைகளைப் பார்த்துக்கொண்டு, இருக்கட்டும் என்று நினைத்தாள், ஒரு தடவை இவளும் கை நீட்டி ஒன்றும் இல்லாத இடத்தைப் பிடிக்கட்டும், ஒரு தடவை அவர் கையை விட்டுவிட்டு இவள் விழுகிறதைப் பார்க்கட்டும், இரும்புப் பாரை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள், நடுவில் உள்ள முடிச்சும் ஞாபகத்தில் இருந்தது, கிணற்றுக் கயிறு, தானே பல்லால் இழுத்து முடிந்தது, ஞாபகத்தில் இருந்துகொண்டே அவள் பிடித்திருந்தாள். நேரம் அவளைத் தாண்டிப் போயிற்று.

அச்சுதன் பார்த்தான். பெண்ணுடைய தலைக்கு மேலாக, தலைகீழாக, பலகையையும் பலகையில் நிற்கிறவளையும் அவள் கையில் பாரையும் பார்த்தான். இந்தத் தடவை அவன் கண் தெரிந்தது. அவன் விரலைத் திறக்கவில்லை. முழங்கையைக் கொஞ்சம் மடக்கினான், பெண்ணின் கனத்தோடு தானும் இறங்கி, ஏறி, அவளைப் பிடித்தபடியே மறுபடியும் அந்தப் பக்கம் கொண்டுபோனான், ஜனங்கள் அதையும் ஆட்டத்தில் ஒன்று என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். அங்கே போய்த் திரும்பும்போது அவன் கூப்பிட்டான். சத்தமாக இல்லை. செம்பில் தண்ணீர் கேட்கிற குரலில் கூப்பிட்டான். “கமலம்.” அந்த உயரத்தில் அவன் அவள் பெயரைச் சொன்னதே இல்லை. அவள் விட்டாள். பார் போயிற்று, பெண் திரும்பினாள், பிடித்தாள், வந்தாள், பலகையில் கால் வைத்ததும் செங்கமலத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “சேச்சி, எனக்கு அங்க உடம்பு சரியாத் திரும்பலை. நீங்க பாரை விட்டிருந்தா நான் பிடிச்சிருக்க மாட்டேன். எப்படிக் கண்டீங்க, அவ்வளவு தூரத்திலிருந்து? நீங்க இல்லைன்னா நான் இன்னிக்குப் போயிருப்பேன்.” செங்கமலம் கீழே பார்த்தாள். ஏணியில் ஏற ஆரம்பித்த நாளிலிருந்து அன்றுதான் கீழே பார்த்தாள். “ஜனங்க கைதட்டுறாங்க, கும்பிடு” என்றாள்.

இறங்கி, படுதாவுக்குப் பின்னால், யானை கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், அச்சுதன் ஒரு கவிழ்த்த தொட்டியில் உட்கார்ந்து மணிக்கட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஜானு நின்றுகொண்டு மலையாளத்தில் படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தாள், சேச்சி சேச்சி என்று மட்டும் தெளிவாகக் கேட்டது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். செங்கமலம் வந்து நின்றதும் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

“தோள் பிடிச்சுக்கிச்சா?”

அவ்வளவுதான் கேட்டான். அவனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் கேட்கிறான், ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போய்விடு என்கிறான். ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஜானு சேச்சியின் தோளை நினைத்து அழுவாள், கல்யாணியம்மா எண்ணெய் காய்ச்சுவாள், நாளைக்கு மறுபடியும் ஏறலாம், மறுபடியும் அந்த நாலு கைகளைப் பார்க்கலாம். ஆமாம் என்பது நாக்கு வரை வந்தது. அது உப்புக் கரித்தது.

“இல்லை” என்றாள். “தோளுக்கு ஒண்ணுமில்லை. நான்தான் விடலை.”

ஜானுவுக்கு முதலில் புரியவில்லை. சிரித்த வாய் அப்படியே இருந்தது. பிறகு அவனைப் பார்த்தாள், அவன் மறுக்கவில்லை என்பதைப் பார்த்தாள், செங்கமலத்தைப் பார்த்தாள். குனிந்து மணலில் கிடந்த தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போடாமலே, கல்யாணியம்மாவின் கூடாரத்தைப் பார்த்து நடந்தாள். சுடுமணலில் குதிகால் பதிந்து பதிந்து எழுந்தது.

“எதுக்கு?” என்றான் அச்சுதன்.

“அவளை மோளேன்னு கூப்பிடுறீங்க.”

வெளியே, வெயிலில், யானை வைக்கோலை உதறிக்கொண்டிருக்கிற இடத்தில் அதைச் சொன்னபோது அது எவ்வளவு சின்னதாக இருந்தது. ஒரு பெண்ணின் உயிரை எடுக்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது. ஆனால் சின்னதாக இருக்கிறது என்பதால் அது போய்விடவும் இல்லை, அங்கேயே, அதே இடத்தில்தான் இருந்தது. அவன் துணியைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடியும் சுருட்டினான்.

“அது பயந்த குட்டியாக்கும். ஏதாவது சொல்லிச் சொல்லிக் கூப்பிடலைன்னா கையை விடாது. அங்கேயே தொங்கும்.” துணியை விரலில் சுற்றிக்கொண்டே, “நீ வான்னா வந்தே” என்றான்.

“நாகப்பட்டினத்துல ஏன் என்னை விடலை?”

கேட்டுவிட்டாள். கேட்கப்போவது அவளுக்கே தெரியாது.

“விட முடியலை.”

“வலை இருந்துச்சு.”

“இருந்தது. நான் வலையை நினைக்கலை. விட்டா நீ இல்லைன்னு தோணிச்சு. கையை விறைச்சுட்டேன். விறைச்சா தோள் போகும்னு அப்போ எனக்குத் தெரியாது.” அவன் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டான், அது வேறு யாருடையதோபோல. “இன்னிக்கு விறைக்கலை. மடக்கினேன், கூடவே போனேன். உன் தோள்லதான் படிச்சேன் கமலம்.”

ஆக அதுவும் ஜானுவுக்குத்தான் போயிருக்கிறது. உடம்பைக் கொடுத்தாயிற்று, சொல்லைக் கொடுத்தாயிற்று, வலியாவது தன்னோடு இருக்கிறது என்று நினைத்தால், அதையும் எடுத்து அந்தக் குட்டியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் வெளியே வராமல் மூக்கு மட்டும் எரிந்தது. அவன் அடித்திருந்தால் தேவலை. அவன் அடிக்கிறவன் இல்லை. எழுந்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“இனி நீ ஏற வேண்டாம். சாயங்கால ஆட்டத்துக்குக் கணாரன் பார் விடட்டும்.” கூடாரக் கயிறு இழுக்கிற கணாரன், அவனுக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. “முதலாளிகிட்ட என்ன சொல்றதுன்னு நான் பார்த்துக்கறேன்.”

“உள்ளதைச் சொல்லுங்க.”

அவன் கிளம்பினான். போகிறபோது அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, வழி குறுகல், ஒதுங்கிப் போவான் என்று நினைத்தாள், ஒதுங்கவில்லை, வலது தோளில் அவன் கை ஒரு தடவை பட்டது, பட்டு நின்றது, கனமாக, பயத்தோடு. பிறகு போய்விட்டான். அது மன்னித்ததா, விடைபெற்றதா என்று அவள் நின்று யோசித்தாள். அவனைக் கேட்டால் அவனுக்கும் தெரிந்திருக்காது.

சாயங்கால ஆட்டத்துக்கு அவள் உடுப்பு மாற்றவில்லை. சாதாரணச் சேலையோடு, முன்வாசல் வழியாக வந்து, தரை டிக்கெட்டுக்காரர்களோடு மணலில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் கூடாரத்தை இந்தப் பக்கமிருந்து பார்த்ததில்லை. எல்லாம் தூரமாக இருந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பாதி உயரத்துக்குமேல் மங்கிப்போயிற்று, கம்பங்கள் எங்கேயோ போய் இருட்டில் முடிந்தன, பக்கத்தில் வறுத்த கடலை மணந்தது, ஒரு குழந்தை விடாமல் சிணுங்கிற்று. கடைசியில் அவர்கள் ஏறினார்கள். ஜானு, அவளுக்குப் பின்னால் கணாரன், எதிரில் அச்சுதன். ஜானு பலகையில் நின்று நெடுநேரம் கிளம்பவில்லை, அவள் தலை கணாரன் பக்கம் ஒரு தடவை திரும்பியது, அவன் கையிலிருந்த பாரைப் பார்த்தது, மதியத்துக்கு முன்னால் அவள் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை, அது தன் கை பண்ணினது என்று செங்கமலம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாய்ந்தாள். அச்சுதன் என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று கீழே கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், கேட்கவில்லை, பேண்டு இருந்தது, ஜனங்களின் இரைச்சல் இருந்தது, முகம் தெரியவில்லை, மணிக்கட்டு தெரியவில்லை, இரண்டு வெள்ளைப் பூச்சிகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுப் பிரிந்தன, அவ்வளவுதான் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் ஒன்றும் தெரியாமல் இருந்தால் ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. கேட்காத இடத்தில் அவளே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டாள்.

மடியில் குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், தறிக்காரர் வீட்டுப் பெண்போல இருந்தாள், மேலே பார்த்தபடியே இவள் முழங்கையைத் தொட்டாள்.

“ஏனுங்க, அவங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டிங்களா?”

“இல்லைங்க” என்றாள் செங்கமலம். “பிடிக்கிறவர் என் வீட்டுக்காரர்.”

அந்தப் பெண் இவளைத் திரும்பிப் பார்த்தாள், மேலே தொங்குகிறவனைப் பார்த்தாள், மறுபடியும் இவளைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இல்லை என்று பட்டிருக்க வேண்டும். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, “அத்தனை ஒசரத்துல அவரு தொங்குறாரு, நீங்க இப்புடிக் கீழ உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கறீங்க. எப்புடித்தான் மனசு தாங்குதோ” என்றாள்.

“தாங்கலைங்க” என்றாள் செங்கமலம்.